பவளத் தொட்டியின் வரவு செலவு

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியிலுள்ள ப்ளோரிடா கீஸ் தீவுகளைச் சூழ்ந்த கடல் வழக்கத்திற்கு மாறாகச் சூடேறிற்று. அழிந்துவரும் பவளத் திட்டுகளை மீண்டும் உருவாக்கும் பொருட்டு, அக்கடலடியில் பல ஆண்டுகளாகப் பவள நாற்றங்கால்கள் பேணப்பட்டு வந்தன. வெப்பம் தாளாமல் பவளங்கள் வெளுக்கத் தொடங்கியபோது, பணியாளர்கள் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்துக் கரைக்குக் கொணர்ந்து, கடல்நீர் நிரம்பிய தொட்டிகளில் இட்டுக் காத்தனர். லாங் கீ என்னும் தீவிலுள்ள கீஸ் கடல் ஆய்வுக்கூடம் இவ்வாறு புகலளித்த இடங்களுள் ஒன்றாகும்.

பவளம் வளர்க்கும் தொட்டி ஒரு காலத்தில் செல்வர் இல்லத்து அலங்காரமாக எண்ணப்பட்டது. இன்று அது, உழவர் வித்து நெல்லைக் காக்கும் குதிர் போன்ற பணியைச் செய்கிறது. ஆயினும் தொட்டியில் இட்ட மாத்திரத்தில் பவளம் பிழைத்துவிடுவதில்லை. ஒளி, வெப்பம், நீரோட்டம் ஆகிய மூன்றும் செம்மையாக அமைந்திருந்தும் சில வாரங்களில் பவளம் நிறமிழந்து மடிவதுண்டு. அதற்குக் காரணத்தைப் பெரும்பாலும் நீரின் இரசாயன அமைப்பில் காணலாம். எப்பொருள் குறைகின்றது, எப்பொருள் மிகுகின்றது, அவற்றைச் சரிசெய்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கடல்நீரின் நிலையான இயல்பு

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த ‘சாலெஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கப்பல், பல இடங்களிலிருந்தும் பல ஆழங்களிலிருந்தும் கடல்நீரைச் சேகரித்து வந்தது. அவற்றுள் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்னும் இரசாயன அறிஞர் பகுத்தாராய்ந்து, தம் முடிவுகளை 1884-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மொத்த உப்பின் அளவு இடத்திற்கு இடம் மாறினும், அவ்வுப்பில் அடங்கிய முக்கியப் பொருள்கள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் ஏறக்குறைய மாறுவதேயில்லை என்பதே அவர் உறுதி செய்த உண்மை.

பவளம் இந்த நிலையான நீரிலேயே வாழப் பழகிய உயிர். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 420 மில்லிகிராம் கால்சியமும், 1,300 மில்லிகிராம் மக்னீஷியமும், 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்ஷியமும் உள்ளன. பவளத் திட்டு ஒன்று இவற்றை ஓயாது உறிஞ்சினாலும் பெருங்கடலின் இருப்பு குன்றுவதில்லை. அலையும் ஓட்டமும் புதுநீரைக் கொணர்ந்தவண்ணம் இருக்கின்றன. 400 லிட்டர் கொண்ட கண்ணாடித் தொட்டியிலோ அத்தகைய பேரிருப்பு கிடையாது. அங்கே எடுத்தது குறைந்துகொண்டே போகும். இட்டது சேர்ந்துகொண்டே வரும்.

முதலில் கவனிக்க வேண்டுவது உப்பின் அளவு. கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. தொட்டியிலிருந்து ஆவியாகிச் செல்வது வெறும் நீர், உப்பு பின்தங்கிவிடுகிறது. ஆகவே நாள்தோறும் குறையும் நீருக்கு ஈடாகத் தூய நன்னீரையே ஊற்றவேண்டும். உப்புநீரை ஊற்றினால் நாளடைவில் உப்பு மிகுந்து, ஏனைய அளவுகள் யாவும் அதனுடன் மாறிவிடும்.

கூடு கட்டும் பொருள்கள்

பவளத்தின் கல்போன்ற கூடு கால்சியம் கார்பனேட்டினால் ஆனது. சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் இதே பொருளே. இதனைக் கட்டப் பவளம் நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. பைகார்பனேட்டு முதலியவை நீருக்குத் தரும் அமிலத்தை ஏற்கும் திறன், காரத்தன்மை எனப்படும். அது லிட்டருக்கு இத்தனை மில்லிச் சமானம் என அளக்கப்படுகிறது. கடல்நீரில் அது 2.3 முதல் 2.4 வரை இருக்கும்.

ஒரு சிறு கணக்கு இவ்விரண்டின் தொடர்பை விளக்கும். 400 லிட்டர் தொட்டியில் ஒரு நாளில் காரத்தன்மை 0.2 மில்லிச் சமானம் குறைகிறது எனக் கொள்ளலாம். மொத்தக் குறைவு 80 மில்லிச் சமானம். இது முழுவதும் கூடாக மாறியிருப்பின், அன்று பவளங்கள் கட்டிய கால்சியம் கார்பனேட்டு 4 கிராம். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் கல் அத்தொட்டியில் வளர்கிறது எனலாம்.

இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அன்று செலவான கால்சியம் லிட்டருக்கு 4 மில்லிகிராமே. ஐந்து நாள் ஈடு செய்யாமல் விட்டால் கால்சியம் 420-லிருந்து 400-க்கு இறங்கும். அஃது இருபதில் ஒரு பங்குக் குறைவு. அதே ஐந்து நாளில் காரத்தன்மை 2.4-லிருந்து 1.4-க்கு வீழ்ந்துவிடும், அஃது ஐந்தில் இரு பங்குக்கும் மேற்பட்ட இழப்பு. கால்சியத்தை மட்டும் சோதித்து, ‘குறைவொன்றுமில்லை’ என்றிருப்பவர், பவளம் வளர்ச்சி நின்று வருந்துவதைக் காணத் தவறிவிடுவர். ஆகவே நாள்தோறும் சோதிக்கத்தக்கது காரத்தன்மையே ஆகும். அளவறிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறங்காட்டியின் நிறம் மாறும் கட்டத்தைக் காணும் தரம் பார்த்தல் முறையே இதற்குப் போதும். இது பள்ளி ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யப்படுவதே.

ஈடு செய்யும் முறைகள் பல. அவற்றுள் எளியது சுண்ணாம்புத் தெளிநீர். ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் பவளம் வளர்த்தோர் இதனை நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். நிறைவுற்ற தெளிநீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 40 மில்லிச் சமானம் காரமும் அதற்கேற்ற கால்சியமும் உள்ளன. மேற்சொன்ன தொட்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் போதும். ஆவியாகும் நீருக்கு ஈடாகவே அதனை ஊற்றிவிடலாம். தெளிநீர் கடுங்காரமாதலின் சொட்டுச் சொட்டாக, இரவு நேரத்தில் விடுவது நலம். பகலில் பாசிகள் கரியமில வாயுவை உண்பதால் நீரின் காரநிலை ஏற்கெனவே உயர்ந்திருக்கும். தெளிநீர்க் கலத்தை மூடியே வைக்கவேண்டும். மூச்சுக் காற்றை ஊதினால் தெளிநீர் பால்போல் கலங்குவதை வகுப்பில் கண்ட மாணவர் எவரும் இதன் காரணத்தை அறிவர். தூய கால்சியம் ஹைட்ராக்சைடையே பயன்படுத்தவேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகாது. அதில் கலந்துள்ளவை யாவை எனத் தெரியாது.

மற்றொரு முறை, சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் தனித்தனியே கரைத்து விடுதல். மேற்கண்ட நாட்செலவிற்குச் சோடா 6.7 கிராமும், படிக நீருடன் கூடிய கால்சியம் குளோரைடு 5.9 கிராமும் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் விட்டால் அவை கூடி வெண்மையாய்ப் படிந்து வீணாகும். மேலும் இம்முறையில் நாள்தோறும் 4.7 கிராம் சாதாரண உப்பு தொட்டியில் எஞ்சுகிறது. முப்பது நாளில் அது மொத்த உப்பை நூற்றுக்கு ஒரு பங்கு உயர்த்தும். வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றுவது இக்குறையைத் தீர்க்கும்.

மக்னீஷியம் கூட்டில் சிறிதளவே சேர்கிறது. ஆயினும் கால்சியமும் கார்பனேட்டும் தாமாகக் கூடிப் படிந்துவிடாமல் தடுத்து நிற்பது அதுவே. மக்னீஷியம் குன்றிய நீரில் எவ்வளவு சுண்ணாம்பு இட்டாலும் கால்சியமும் காரமும் நிலைத்து நிற்பதில்லை. குழாய்களிலும் நீரேற்றியிலும் வெண்படிவம் காணும். அதனைக் கண்டவர் முதலில் மக்னீஷியத்தைச் சோதித்தல் வேண்டும்.

உணவும் கழிவும்

இதுகாறும் கூறியது குறைவனவற்றைப் பற்றி. இனிச் சேர்வனவற்றைக் காணலாம்.

மீன்களுக்கு இடும் உலர்ந்த உணவு ஒரு கிராமில் நூற்றுக்கு 40 பங்கு புரதமும் ஒரு பங்கு பாஸ்பரஸும் உள்ளன என வைத்துக்கொள்ளலாம். அப்புரதத்திலுள்ள நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாறினால், 400 லிட்டர் நீரில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் நைட்ரேட்டு கூடும். பாஸ்பரஸ் முழுவதும் பாஸ்பேட்டாகக் கரைந்தால் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் கூடும். பவளத் திட்டுகளைச் சூழ்ந்த தெளிந்த கடலிலோ நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிக அருகியே காணப்படுகின்றன. ஒரு சிட்டிகை உணவே இக்கணக்கை எவ்வளவு மாற்றிவிடும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுணவின் போக்கை நுண்ணுயிர்கள் நடத்துகின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நச்சுடையது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. துளைகள் நிறைந்த பாறைத் துண்டின் உட்புறத்தில், பிராணவாயு எட்டாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன. பாஸ்பேட்டுக்கு இவ்வாறு வாயுவாய் வெளியேறும் வழியில்லை. அது பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்ல நீருக்குத் திரும்புகிறது.

நீர் மாற்றுவதால் மட்டும் இச்சேர்க்கையை நீக்கிவிட இயலாது. வாரந்தோறும் நைட்ரேட்டு லிட்டருக்கு 5 மில்லிகிராம் கூடுகிறது, பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றப்படுகிறது எனில், அளவு ஏறிக்கொண்டே சென்று 50 மில்லிகிராமை நெருங்கிய பின்னரே நிற்கும். ஆகவே வேறு வழிகளும் தேவை. நுண்ணிய காற்றுக் குமிழிகளை எழுப்பிப் புரதக் கழிவுகளை நுரையாகத் திரட்டி எடுக்கும் நுரை பிரிப்பான் ஒன்று. தனித் தொட்டியில் கடற்பாசியை வளர்த்து, வளர்ந்ததை அவ்வப்போது அறுத்தெடுத்தல் மற்றொன்று. பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் இரும்பு ஹைட்ராக்சைடு மணிகளின் வழியே நீரைச் செலுத்துதல் வேறொன்று. உணவை அளந்து இடுதல் இவையனைத்திற்கும் முற்பட்டது.

கழிவே இல்லாத நீர் நன்றோ?

கழிவு தீங்கெனில் அதனை அறவே ஒழிப்பது மிக நன்று எனப் பலர் கருதினர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதனையில் தென்படாத அளவுக்கு நீரைச் சுத்தம் செய்வதே திறமையின் அடையாளமாக எண்ணப்பட்டது. ஆனால் அத்தகைய தொட்டிகள் பலவற்றில் பவளங்கள் வெளிறி, நுனியிலிருந்து சதை உரிந்து மடிந்தன.

பவளத்தின் சதையினுள் நுண்ணிய ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் அப்பாசிகளால் வருவதே. வெப்பத்தாலோ வேறு இடரினாலோ அவை நீங்கும்போது வெண்கூடு வெளித்தெரிவதையே வெளுத்தல் என்கிறோம். இப்பாசிகளுக்கும் ஏனைய தாவரங்களைப்போல் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தேவை.

இங்கிலாந்திலுள்ள சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மனும் அவருடன் பணியாற்றிய ஆராய்ச்சியாளரும் இதனைத் தொட்டிகளிலேயே ஆராய்ந்து, 2013-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட்டு பற்றாக்குறையான நீரில், பாசிகள் பாஸ்பேட்டுப் பசிக்கு ஆளாயின. பாசியின் மென்படலங்களில் பாஸ்பரஸ் கொண்ட கொழுப்பின் இடத்தைக் கந்தகம் கொண்ட கொழுப்பு பிடித்தது. அவ்வாறு தளர்ந்த பவளங்கள் வெப்பத்தையும் மிகையொளியையும் தாங்கமாட்டாமல் எளிதில் வெளுத்தன. நைட்ரஜன் மிகுந்தது என்பதைக் காட்டிலும், இரண்டின் விகிதம் குலைந்தது என்பதே பெருந்தீங்கு விளைத்தது.

கடல்வாழ் நுண்தாவரங்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 106 : 16 : 1 என்ற விகிதத்தில் உள்ளன என்பது அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் ரெட்பீல்டின் ஆய்விலிருந்து பெறப்பட்ட உண்மை. இதனை நைட்ரேட்டு, பாஸ்பேட்டு எடையாக மாற்றினால் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று ஆகும். தொட்டியில் இவ்விகிதத்தைத் துல்லியமாகப் பிடித்து நிற்கவேண்டும் என்பதில்லை; ஆனால் ஒன்று அறவே அற்றுப்போக மற்றொன்று பெருகுவது ஆகாது. நைட்ரேட்டு லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையும், பாஸ்பேட்டு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரையும் இருப்பது ஏற்கத்தக்கதெனப் பலர் கொள்கின்றனர்.

கடலில் இதனினும் மிகக் குறைவாக இருந்தும் பவளம் செழிப்பது எவ்வாறு எனக் கேட்கலாம். அங்கே ஒவ்வொரு துளியிலும் சத்து சிறிதே; ஆனால் துளிகள் ஓய்வதில்லை. அலைதோறும் புதுநீரும் மிதவை உயிர்களும் பவளத்தின் வாயிலில் வந்து சேர்கின்றன. தொட்டியில் சுழல்வதோ அதே நீர்.

நுண்தனிமங்கள்

அயோடின், இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு முதலியன மிக நுண்ணிய அளவில் வேண்டப்படுவன. இவற்றில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது.

அயோடினை எடுத்துக்கொள்ளலாம். கடல்நீரில் அது லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் உள்ளது. 400 லிட்டருக்கு மொத்தம் 24 மில்லிகிராம். நூற்றுக்கு ஐந்து பங்கு அயோடின் கொண்ட லூகால் கரைசலின் ஒரு சொட்டில், அயோடைடுடன் சேர்த்து, சுமார் 6 மில்லிகிராம் அடங்கியுள்ளது. நான்கே சொட்டுகள் தொட்டியின் இயற்கை அளவை இருமடங்காக்கிவிடும். மாவுப் பொருளைச் சோதிக்க அதே கரைசலைக் கையாளும் ஆசிரியர், ஒரு சொட்டு எவ்வளவு சிறிது என்பதை நன்கறிவார்.

செம்பின் நிலை இதனினும் கடுமையானது. மீன்களைப் பற்றும் ஒட்டுயிர்களை ஒழிக்க, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் செம்பு மருந்தாக இடப்படுவதுண்டு. அது கடலின் மேல்நீரில் இயல்பாயுள்ள அளவுக்கு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. மீன் அதனைத் தாங்கும். பவளமும் நத்தையும் இறாலும் தாங்கா. மருந்திட்ட தொட்டியின் பாறையும் மணலும் செம்பைப் பிடித்துவைத்துப் பின்னர் வெளிவிடுமாதலால், அவற்றைப் பவளத் தொட்டிக்குப் பயன்படுத்தலாகாது. பித்தளைத் திருகும் செப்புக் குழாயும் தொட்டி நீரைத் தொடலாகாது. குழாய் நீரை நேரே ஊற்றாமல், எதிர்ச்சவ்வூடு முறையில் தூய்மை செய்த நீரைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, அளக்க இயலாத எதனையும் தொட்டியில் சேர்க்கலாகாது என்பதை விதியாகக் கொள்ளவேண்டும். இப்போது பிளாஸ்மா நிறமாலைக் கருவியால் ஒரு சிறு குப்பி நீரிலுள்ள பல தனிமங்களை ஒருங்கே அளக்கும் வசதி உண்டு. அவ்வசதி இல்லாத இடத்தில், நல்ல கடலுப்புக் கலவையில் செய்த புதுநீரை ஒழுங்காக மாற்றி வருவதே நுண்தனிமங்களை ஈடு செய்யும் பாதுகாப்பான வழி.

குறிப்பேட்டின் பயன்

ஒரு நாளில் எடுத்த ஓர் அளவு அதிகம் உணர்த்துவதில்லை. தொடர்ந்து எடுத்த அளவுகளே நோயை முன்னறிவிக்கும். காரத்தன்மையையும் உப்பின் அளவையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதவேண்டும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வாரத்திற்கு ஒருமுறையும், கால்சியத்தையும் மக்னீஷியத்தையும் இரு வாரங்களுக்கு ஒருமுறையும் சோதிப்பது பொருந்தும். இட்ட உணவு, மாற்றிய நீர், சேர்த்த கரைசல் ஆகியவற்றையும் அதே ஏட்டில் பதிதல் நன்று. காரத்தின் நாட்செலவு திடீரெனக் குறைந்தால் பவளம் கூடு கட்டுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். கண்ணுக்கு நோய் தெரியுமுன் ஏடு அதனைக் காட்டிவிடும். குறையைக் கண்டதும் ஒரே நாளில் நிரப்ப முயல்வதும் தவறு. பவளத்திற்குக் குறையைவிடத் திடீர் மாற்றம் பல சமயங்களில் கொடியது.

தொட்டியும் கடலும்

தொட்டியில் கற்ற பாடம் கடலுக்கும் பொருந்துவதே. ப்ளோரிடாவின் லூ கீ என்னும் திட்டில் 1984 முதல் 2014 வரை முப்பது ஆண்டுகள் எடுத்த அளவுகளைப் பிரையன் லாபாயிண்டும் உடன் ஆய்ந்தோரும் 2019-இல் வெளியிட்டனர். நிலத்திலிருந்து வழிந்துவந்த உரமும் கழிவும் நைட்ரஜனை மிகுவித்து, பாஸ்பரஸுடன் அதற்குள்ள விகிதத்தைக் குலைத்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. 1984-இல் கடலடியில் நூற்றுக்கு ஏறக்குறைய 33 பங்கைப் போர்த்தியிருந்த பவளம், 2008-இல் 6 பங்குக்கும் கீழே சுருங்கிற்று. சௌதாம்ப்டன் தொட்டிகளில் கண்டதும் இக்கடலில் கண்டதும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன. கடலின் வெப்பத்தை ஓர் ஊரார் தணித்துவிட இயலாது. கழிவுநீரையும் வயலிலிருந்து வழியும் உரத்தையும் தடுத்தல் ஊராரால் ஆகக்கூடியது. அவ்வாறு தடுத்த கடலில் பவளம் வெப்பத்தைச் சற்றேனும் தாங்கி நிற்கும்.

இந்தியாவில் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, இலட்சத்தீவுகள், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் பவளத் திட்டுகள் உள்ளன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கற்பவளங்களுக்கு முதல் அட்டவணையில் இடமளித்துக் காக்கிறது. ஆகவே பள்ளித் தொட்டிக்கென ஒரு பவளத் துண்டையேனும் கடலிலிருந்து எடுத்தல் குற்றமாகும். அதற்குத் தேவையும் இல்லை. காரத்தன்மையைத் தரம் பார்த்தலும், சுண்ணாம்புத் தெளிநீரின் இயல்பும், உணவு நைட்ரேட்டாக மாறும் போக்கும் பவளம் இன்றியே ஒரு சிறு தொட்டியில் மாணவர்க்குக் காட்டத்தக்கவை. கடலோரத்தில் பணிபுரியும் களப் பணியாளர், திட்டுகளின் அருகில் கலக்கும் ஓடைகளின் நீரில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஒருங்கே அளந்து, மழைக்கு முன்னும் பின்னும் தேதியுடன் எழுதி வைப்பாராயின், அவ்வேடு பின்வரும் ஆராய்ச்சியாளருக்குப் பெரிதும் உதவும். லூ கீ திட்டின் கதையை உலகம் அறிய நேர்ந்ததும் அத்தகைய முப்பதாண்டு அளவுகளின் பயனே.